ஆறு எந்தக் கைப் பக்கம்?

அந்த வீட்டுல சண்டை வரப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு யாராவது கேட்டாப் போதும்.

"அலமாரியில, வலது பக்கம்" அப்படிம்பா அக்கா. அவ வாயை மூடுறதுக்குள்ள அவ வீட்டுக்காரர் சமையல்கட்டுலேருந்து கேப்பார்.

"யாருக்கு வலது? எனக்கா, அலமாரிக்கா?"

"அலமாரிக்கு ஏதுங்க கை?"

"அது என்னைப் பார்த்துல்ல நிக்குது? அதோட வலது எனக்கு இடது."

"சரி, கிழக்குப் பக்கம். போதுமா?"

"காலங்காத்தால அடுப்பங்கரையில கிழக்கைத் தேட நான் என்ன கப்பலா ஓட்டுறேன்? அந்த நசுங்கின கெட்டில் பக்கத்துலன்னு சொல்லேன். கண்ணை மூடிட்டு எடுப்பேன்."

"கெட்டிலை நேத்தே எடுத்து வெளிய வெச்சாச்சு."

"பார்த்தியா? அதைச் சொல்லலையே!"

நான் அவங்க வீட்டு மாடியில குடியிருக்கேன். படியில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே இதைத் தினமும் கேப்பேன். டிக்கெட் வாங்காத நாடகம். அக்கா எனக்கு ஒண்ணும் சொந்தமில்லை, ஆனா வீட்டுலயும் பக்கம், வேலையிலயும் பக்கத்து நாற்காலி. ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம்ல ரெண்டு பேரும் போன் எடுக்குறோம். ஆள் எங்க விழுந்து கிடக்குறாங்கன்னு கண்டுபிடிக்கணும், வண்டியை அனுப்பணும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான்னு சொல்றேனே, அந்த "எங்க"வுலதான் உயிர் போகும்.

அக்காவுக்கு ஊர் மேலேருந்து தெரியும், பருந்துக்குத் தெரியுற மாதிரி. எந்தத் தெரு எதை எங்க வெட்டுது, எது முட்டுச்சந்து, எல்லாம் தலைக்குள்ள வரைஞ்சு வெச்சிருப்பா. அவ வீட்டுக்காரர், நான் அண்ணன்னு கூப்பிடுறவர், ஏழாம் நம்பர் ஆம்புலன்ஸ் ஓட்டுறார். அவருக்கு ஊர் முன் கண்ணாடி வழியாத்தான் தெரியும். "எரிஞ்ச மரக்கடை தாண்டி இடது" அப்படிம்பார். அந்த மரக்கடை எரிஞ்சு அங்க பல் டாக்டர் வந்து, பல் டாக்டரும் காலி பண்ணிட்டுப் போயாச்சு. அவருக்கு அது இன்னும் எரிஞ்ச மரக்கடைதான்.

கம்ப்யூட்டருக்கு இந்த ரெண்டும் கிடையாது. அதுக்குத் தெரிஞ்சது கோடும் புள்ளியும். கோடு கோட்டைத் தொட்டா வழி உண்டு, தொடலைன்னா இல்லை. ஒரு பெரிய மதில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சந்து முடியுது, அந்தப் பக்கம் ஒரு சந்து முடியுது. வரைஞ்ச புண்ணியவான் ரெண்டையும் சேர்த்து ஒட்டிட்டான். கம்ப்யூட்டர் அண்ணனை நேரா போ, நேரா போன்னு சொல்லுது. அவர் ரேடியோவுல கேக்குறார்: "சுவர் வந்துருச்சு. இடிச்சுட்டுப் போகட்டுமா, இல்லை கதவு இருக்கான்னு தட்டிப் பார்க்கட்டுமா?" அன்னிக்கு ரூம் முழுக்கச் சிரிச்சோம். எங்க மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கலை. அவருக்கு நாங்க வெச்ச பேரு ரூல்ஸ்.

அந்த வீட்டுப் பின்கட்டுல அக்காவோட தங்கச்சியும் அவ புருஷனும். தங்கச்சிக்கு வீட்டுல பேரு பாப்பா. அவர் மெத்தை தைச்சு விக்கிறவர். முற்றம் பூரா ஸ்பாஞ்சுத் துண்டும் நூலும் பறக்கும். எதையும் மூடி எடுத்துட்டுப் போற மாதிரி பின்பக்கம் தார்ப்பாய் போட்ட ஒரு சின்ன வேன் வெச்சிருக்கார். தங்கச்சிக்கு நிறைமாசம். தேதி இன்னும் தள்ளி இருந்துச்சு.

"வலி வந்தா எனக்கு அடி" அப்படின்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தா.

மெத்தைக்காரர் சிரிப்பார். "உங்க ஆம்புலன்ஸ் சுவத்துல முட்டி நிக்கிறதுக்குள்ள நான் கொண்டுபோய்ச் சேர்த்துருவேன் அண்ணி. அதுவும் மெத்தை மேல. எந்த மகாராணிக்குக் கிடைக்கும்?"

அன்னிக்கு விடியும்போதே மழை. மழைன்னா சும்மா இல்லை, வானம் கிழிஞ்ச மாதிரி. நாங்க மூணு பேரும் காலை ஷிப்டுக்கு வந்தாச்சு. கண்ட்ரோல் ரூம்ல போன் ஓயலை. பைக் வழுக்கினவன், மாடிப்படியில சறுக்கின பெரியவர், ஷாக் அடிச்ச பையன். நான் ஒரு பன்னை எடுத்துக் கடிக்கிறேன், வைக்கிறேன், கடிக்கிறேன், வைக்கிறேன்.

அக்கா ஒரு போனை எடுத்தா. "ஆம்புலன்ஸ், சொல்லுங்க" அப்படின்னவ அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தா.

"நீயாடி?"

என் ஹெட்போனையும் அந்த லைன்ல சேர்த்துக்கிட்டேன்.

"அக்கா, வலி தாங்க முடியலைக்கா. பனிக்குடம் உடைஞ்சிருச்சு. வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு."

"எங்க இருக்கே? அவரு எங்க?"

"ஆள் கூட்டிட்டு வரேன்னு ஓடினாரு. மெயின் ரோடு ஜாம்னு போன் காட்டின வழியில வந்தோம். அந்தப் போன் செத்துப்போச்சு. இது என்னோட பட்டன் போன். எங்க இருக்கேன்னே தெரியலைக்கா. ஆத்தோரம்."

பட்டன் போன் தன் இடத்தைச் சொல்லாது. எந்த டவரைப் பிடிச்சிருக்குன்னு மட்டும் தெரியும். திரையில ஒரு பெரிய வட்டம் விழுந்துச்சு. வட்டத்துக்கு நடுவுல, மேலேருந்து கீழ வரைக்கும் ஆறு. ரெண்டு கரையும் வட்டத்துக்குள்ளதான். கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு எங்களுக்கு.

ரூல்ஸ் பின்னாடி வந்து நின்னார். "சொந்தக்காரங்க அழைப்பை நீங்க எடுக்கக் கூடாதும்மா. மாத்திக் குடுங்க."

"குடுக்க மாட்டேன் சார்" அப்படின்னா அக்கா, திரும்பாமலே. "அவ குரல் எனக்குத்தான் புரியும்."

ரூல்ஸ் மறுபடி வாயைத் திறந்தார். அக்கா அதுக்குள்ள கேட்டாச்சு. "ஆறு தெரியுதா? எந்தக் கைப் பக்கம்?"

"வலது. வலது கைப் பக்கம்."

அக்கா விரல் திரையில ஓடுச்சு. எனக்கும் பளிச்சுன்னு புரிஞ்சுச்சு. வீடு தெற்கே, ஆஸ்பத்திரி வடக்கே. வடக்கே போறவங்களுக்கு ஆறு வலது கைப் பக்கம்னா, அவங்க மேற்குக் கரையில இருக்காங்க. மேற்குக் கரை ரோட்டுக்குக் கிட்ட இருக்கிறது ஏழாம் நம்பர். யாரோட வண்டி? அண்ணனோட வண்டி. எனக்குச் சந்தோஷத்துல கை தட்டத் தோணுச்சு.

"ஏழு, ஏழு! மேற்குக் கரை ரோடு, உடனே! நம்ம பாப்பா. வண்டியில வலி. ஆறு வலது கைப் பக்கம்."

"பாப்பாவா!" அண்ணன் குரல் ஒரு நொடி உடைஞ்சுது. அப்புறம் பழக்க தோஷம் விடுமா? "வலதுன்னா யாருக்கு வலது?"

"ஏங்க, இப்பவா உங்க விளையாட்டு? போங்க!"

போனார். அவரோட புள்ளி கரை ரோட்டுல பறக்குது. யாராவது கூப்பிட்டாக் கேக்கணும்னு சைரனை நிறுத்தியாச்சு, கூட இருக்குற நர்ஸ் ஒவ்வொரு சந்துலயும் எட்டிப் பார்க்குறா. வட்டத்தோட தென்கோடியில நுழைஞ்சார், வடகோடியில வெளிய வந்தார்.

"கடைசி வரைக்கும் வந்துட்டேன்" அப்படின்னு ரேடியோவுல சொன்னார். "ஒரு சைக்கிள்கூட நிக்கலை."

"இருக்கணுங்க. நல்லாப் பாருங்க."

"வேன் என்ன குண்டூசியா? இருந்தாத் தெரியாதா?"

அக்கா நெத்தியில வேர்வை. லைன்ல தங்கச்சி பல்லைக் கடிச்சு முனகுறா. வலி வந்து வந்து போகுது, இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது. நான் மைக்கை மூடிட்டுச் சொன்னேன், "பேச்சுக் குடு அக்கா. வேற என்ன தெரியுதுன்னு கேளு."

"வேற என்னடி தெரியுது? வழியில என்ன பார்த்தே?"

"கண்ணை மூடிட்டேதான் இருந்தேன். ஒரு பெரிய தண்ணித் தொட்டி. இன்னும் தெரியுது. முதல்ல இவ்வளவு பெருசா இருந்துச்சு. போகப் போகச் சின்னதாயிருச்சு."

அக்கா விரல் திரையில அப்படியே நின்னுச்சு.

"கிட்டப் போகப் போகப் பெருசாகணும்டி" அப்படின்னா அக்கா மெதுவா.

"சின்னதாத்தான் ஆச்சுக்கா. பொய்யா சொல்றேன்?"

"நீ எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கே?"

"பின்னாடி. வந்த வழியைப் பார்த்து. மெத்தையில முதுகைச் சாய்ச்சுக்கிட்டு. தார்ப்பாய் அந்தப் பக்கம்தானே திறந்திருக்கு?"

அக்கா தலையில கை வெச்சுக்கிட்டா. "அடிப்பாவி!" அப்படின்னா. தங்கச்சியைச் சொன்னாளா, தன்னையே சொன்னாளா, தெரியலை. தங்கச்சி வண்டி போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போயிருக்கா. அவளோட வலது, வண்டிக்கு இடது. ஆறு வண்டிக்கு இடது பக்கம்னா அவங்க இருக்கிறது கிழக்குக் கரை. போன் காட்டின வழி அவங்களைத் தெற்குப் பாலத்துல ஏத்தி அந்தப் பக்கம் இறக்கிவிட்டிருக்கு. வலியில இவளுக்குப் பாலம் தாண்டினதே தெரியலை. அண்ணன் தினமும் காலையில கேக்குற அதே கேள்வியை, ஒரே ஒரு தடவை நிஜமாத் தேவைப்பட்டப்போ நாங்க தங்கச்சிகிட்டக் கேக்கலை.

"நான்தாங்க தப்புப் பண்ணிட்டேன்" அப்படின்னா அக்கா ரேடியோவுல. "கிழக்குக் கரைங்க. அவ பின்னாடி பார்த்து உட்கார்ந்திருக்கா."

கம்ப்யூட்டர் அண்ணனுக்கு உடனே வழி போட்டுச்சு. வடக்குப் பாலம் வரைக்கும் போய், ஏறி, இறங்கி, திரும்பி. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வழி. அவ்வளவு நேரம் தங்கச்சிக்கு இல்லை. ரூல்ஸ்தான் முதல்ல அசைஞ்சார். "எட்டாம் நம்பர் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குது. கிழக்குக் கரைதான். அனுப்புறேன்." அனுப்பிட்டு அக்கா தோள் பக்கத்துல குனிஞ்சு நின்னார். "ஆனா எந்தப் பாதையிலம்மா?"

அங்கதான் வினையே. கிழக்குக் கரையில ரோடு ஒண்ணா இருந்தாப் பரவாயில்லை. செங்கல் சூளைங்களுக்குப் போற மண் பாதைங்க, ஆத்தை நோக்கி ஒண்ணு பக்கத்துல ஒண்ணா, கோழி கிளறி விட்ட மாதிரி. எல்லாம் சேறு. தப்பான பாதையில நுழைஞ்சா எட்டாம் நம்பரும் மாட்டிக்கும். வட்டம் எங்களைப் பார்த்துப் பல்லிளிக்குது.

அப்பத்தான் தங்கச்சி கத்துனா. "அக்கா! சைரன் கேக்குது! வந்துட்டாங்க!"

நான் எட்டாம் நம்பரைப் பார்த்தேன். புள்ளி ஆஸ்பத்திரி கேட்டைக்கூட தாண்டலை. அக்காவும் பார்த்தா. அவ கண்ணு மெதுவா ஆத்துக்கு அந்தப் பக்கம் போச்சு. அங்க ஏழாம் நம்பர், மனசு கேக்காம, மறுபடியும் கரை ரோட்டுல தெற்குப் பார்த்து வந்துக்கிட்டிருக்கு. சைரனோட.

"ஐயோ!" அப்படின்னு எழுந்தே நின்னுட்டா அக்கா. ஹெட்போன் வயர் இழுத்து டீ கிளாஸ் கவுந்துச்சு. "என்னங்க! சைரனை நிறுத்தாதீங்க! மெதுவா வாங்க, நடக்குற வேகத்துல! பாப்பா, சத்தத்தைக் கவனி. பெருசாகுதா, சின்னதாகுதா?"

"பெருசாகுது."

"வாங்க, வாங்க."

"இன்னும் பெருசாகுது... அம்மா! வலிக்குதுக்கா..."

"வலிக்கட்டும்டி, நான் இருக்கேன். காதை மட்டும் குடு."

ரூம்ல எல்லாரும் அவங்கவங்க போனை எடுத்துக்கிட்டே எங்க திரையைப் பார்க்குறாங்க. புள்ளி ஊர்ந்து வருது.

"இப்ப?"

"இப்ப... கொஞ்சம் குறையுதுக்கா."

"பின்னாடி எடுங்க! ரிவர்ஸ்! ரிவர்ஸ்!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" அப்படின்னு அண்ணன் கத்துறார்.

"நேர் எதிர்ல அக்கா! இதோ! நேர் எதிர்ல!"

"நில்லுங்க!"

புள்ளி நின்னுச்சு. அக்கா அந்தப் புள்ளியிலேருந்து ஆத்துக்குக் குறுக்க நேரா ஒரு கோடு இழுத்தா. கோடு அந்தக் கரையில போய், ஆத்தை ஒட்டி வடக்கே வளையுற ஒரு மண் பாதையோட நுனியில முட்டுச்சு. கம்ப்யூட்டரைச் சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பாதையை யாரோ ஒழுங்கா வரைஞ்சு வெச்சிருந்தாங்க. அவன் நல்லா இருக்கணும்.

ரேடியோவுல மழைச் சத்தம். அண்ணன் வண்டியை விட்டு இறங்கிட்டார். "தெரியுது! ஏய், தெரியுது! நீலத் தார்ப்பாய்! பின் விளக்கு மினுக்குது! கல்லெறிஞ்சா விழுற தூரம்தான். நீந்திருவேன்!"

"ஆத்துல வெள்ளம் போகுதுங்க! கிறுக்குத்தனம் பண்ணாதீங்க! அங்கேயே நின்னு பார்த்துச் சொல்லுங்க. எட்டாம் நம்பர் வருது."

வந்துச்சு. அந்தக் கரையில அவ்வளவு மழையிலயும் அதோட விளக்கு அண்ணனுக்குத் தெரிஞ்சுச்சு. "வருது, வருது. சூளைப் புகைபோக்கி தாண்டிருச்சு. இப்ப இடது! இடது பக்கம் திரும்பச் சொல்லு!"

"யாருக்கு இடது?" அப்படின்னா அக்கா.

சத்தியமா சொல்றேன், கேட்டது அக்காதான். எட்டாம் நம்பர் தெற்கே பார்த்து வருது. அண்ணன் ஆத்தைப் பார்த்து, அதாவது கிழக்கே பார்த்து நிக்கிறார். அவரோட கைக்கும் அந்த டிரைவர் கைக்கும் என்ன சம்பந்தம்?

"ஆத்துப் பக்கம்!" அப்படின்னு கத்தினார். "ஆத்துப் பக்கம் திரும்பச் சொல்லு! ஆறு எல்லாருக்கும் ஆறுதான்!"

"எட்டு, எட்டு, ஆத்துப் பக்கம் திரும்புங்க!"

திரும்புச்சு. எட்டாம் நம்பர் நர்ஸம்மா சேத்துல இறங்கி ஓடுறதும், நாலு சூளை ஆளுங்களோட மெத்தைக்காரர் எதிர்ப் பக்கமா ஓடி வர்றதும் ஒண்ணா நடந்திருக்கு. எங்களுக்கு அது எதுவும் தெரியாது. எங்களுக்குக் காதுதான். தார்ப்பாயைத் தூக்குற சத்தம். "தலை தெரியுது, முக்கும்மா, முக்கு." தங்கச்சி அடிவயித்துலேருந்து ஒரு கத்து கத்தினா. அப்புறம் ஒண்ணுமில்லை. மழை மட்டும்.

அக்கா என் கையைப் பிடிச்சா. நகம் பதிஞ்சுச்சு.

அப்புறம் அழுதுச்சு பாருங்க ஒரு அழுகை! பூனைக்குட்டி மாதிரி ஆரம்பிச்சு, மூச்சுப் பிடிச்சு, ஹெட்போனைத் தாண்டி ரூம் முழுக்கக் கேட்டுச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. ரூல்ஸ் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மழை அவர் கண்ணாடியில எப்படிப் பட்டுச்சுன்னு நான் கேக்கலை.

"என்ன ஆச்சு? எனக்கும் சொல்லுங்களேன்! நான் இங்க தனியா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன்!" ரேடியோவுல அண்ணன்.

"பொண்ணுங்க" அப்படின்னா அக்கா. "பொண்ணு பொறந்திருக்கா."

அதுக்கு அவர் சொன்ன பதில் சைரன்தான். எந்த விதியிலயும் இல்லாத மாதிரி நீளமா அடிச்சார். ரூல்ஸ் அதைப் பத்தி எதுவும் எழுதலை.

மத்தியானம் ஷிப்டு முடிஞ்சு நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டில்ல தங்கச்சி, பக்கத்துல துணி மூட்டை மாதிரி குழந்தை. மெத்தைக்காரர் முழங்கால் வரைக்கும் காய்ஞ்ச சேத்தோட நின்னுக்கிட்டு, வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் கதை சொல்றார். அக்காவைப் பார்த்ததும் கதை நின்னுருச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "உங்களுக்கு முதல்லயே அடிச்சிருக்கணும் அண்ணி."

அக்கா அவரைத் திட்டலை. தங்கச்சி தலைமாட்டுல உட்கார்ந்து, அவ முடியைத் தொட்டுட்டு, உடைஞ்சு அழுதுட்டா.

"தப்பான கரைக்கு அனுப்பிட்டேன்டி. ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"என்னக்கா நீ" அப்படின்னா தங்கச்சி, குரலே இல்லாத குரல்ல. "அந்தச் சைரன் கேக்குறதுக்கு முன்னாடி நான் செத்தே போயிருவேன்னு நினைச்சேன். யாருமே இல்லை, மழை மட்டும். எதிர்க் கரையில மாமா வந்து நின்னதுக்கு அப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. அவர் இந்தக் கரையில வந்திருந்தா எனக்கு எதிர்ல யாரு நின்னிருப்பா?"

அக்கா இன்னும் அதிகமா அழுதா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். மழை விட்டு ஆறு செம்மண் கலர்ல போய்க்கிட்டிருந்துச்சு.

எல்லாருக்கும் கடைசியாத்தான் அண்ணன் வந்தார். நடுவுல இன்னும் ரெண்டு பேரை ஏத்தி இறக்கிட்டு, வடக்குப் பாலத்தைச் சுத்திக்கிட்டு. சட்டை உடம்போட ஒட்டியிருக்கு. "எல்லாரையும் விட கிட்ட நின்னது நான், எல்லாருக்கும் கடைசியாப் பார்க்குறதும் நான். நல்லா இருக்குடா நியாயம்" அப்படின்னு சொல்லிக்கிட்டே கையை நல்லாத் துடைச்சுட்டு, குழந்தையை வாங்கினார். தன் முகத்துக்கு நேரா, தன்னைப் பார்க்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு, ஜன்னல் தன் வலது கைப் பக்கம் வர்ற மாதிரி போய் நின்னார்.

"இங்க பாரு தங்கம். உன் ஊரைக் காட்டுறேன். அதோ தெரியுதே ஆறு, அதுக்கு அந்தப் பக்கம்தான் பெரியப்பா நின்னேன். ஆறு எந்தப் பக்கம்? உன் வலது கைப் பக்கம்."

அக்கா கண்ணைத் துடைச்சா. ஜன்னலைப் பார்த்தா, குழந்தையைப் பார்த்தா, அது எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு பார்த்தா.

"அவளுக்கு இடதுங்க" அப்படின்னா.

அவர் ஆத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அப்புறம் குழந்தையை மெதுவாத் திருப்பி, தான் பார்க்குற பக்கமே அதுவும் பார்க்குற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டார்.